ஒப்புக்கொண்ட கல்லூரிக்குத் தண்டனை

2019 ஜனவரி 31 அன்று அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ ஒரு தீர்ப்பு வெளியிட்டது. மிசூரி பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால், பேஸ்பால், சாஃப்ட்பால் அணிகளுக்குத் தண்டனை. ஒரு ட்யூட்டர் 12 விளையாட்டு மாணவர்களுக்காகப் பாட வேலைகளைத் தானே செய்து கொடுத்திருந்தார், அதுதான் குற்றம். 15 மாதங்களுக்கு முன்புதான் அதே என்சிஏஏ, 18 ஆண்டுகள் நடந்த ஒரு பெரிய மோசடியில் வட கரோலினா பல்கலைக்கழகத்தைத் தண்டிக்காமல் விட்டிருந்தது. அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எல்லோரும் கேட்பார்கள் என்று தெரிந்து, தீர்ப்போடு ஒரு விளக்கமும் வந்தது. வட கரோலினா, தான் நடத்திய பாடங்களையும் போட்ட மதிப்பெண்களையும் கடைசிவரை சரியென்றே சொன்னது. மிசூரி, மாணவர்களின் வேலையை ட்யூட்டர்தான் செய்தார், அது எங்கள் நெறிமுறைக்கு எதிரானது என்று ஒப்புக்கொண்டது. இதுதான் அந்த விளக்கத்தின் சாரம். அதைப் படித்த நாளிலிருந்து அது என் மனத்தில் அடங்கவே இல்லை.

நான் இருப்பது வட கரோலினாவின் தலைநகர் ராலேவுக்குப் பக்கத்தில் மோரிஸ்வில்லில். இங்கே வீட்டு வாசல்களில் பறக்கும் கொடியின் நிறத்தைப் பார்த்தே அந்த வீட்டுக்காரர் எந்தக் கல்லூரிப் பக்கம் என்று சொல்லிவிடலாம். வெளிர் நீலம் என்றால் சாப்பல் ஹில் ஊரில் இருக்கும் அதே வட கரோலினா பல்கலைக்கழகம், அடர் நீலம் என்றால் டியூக், சிவப்பு என்றால் என்.சி. ஸ்டேட். கூடைப்பந்து சீசனில் ஆபீசில் வேறு பேச்சு இருக்காது. நம் ஆட்கள்கூட, வந்த புதிதில் கிரிக்கெட் ஸ்கோர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் ஏதாவது ஒரு நிறத்துக்கு மாறிவிடுவார்கள். என் வீட்டிலும் வெளிர் நீலம்தான். அதனால் இதை எதிரணிக்காரனின் எரிச்சலாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பல்கலைக்கழகத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு. மரியாதை இருப்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது.

வகுப்பே நடக்காத வகுப்பு

நடந்தது என்ன என்று 2014 அக்டோபரில் வெளியான வைன்ஸ்டீன் அறிக்கை விரிவாகச் சொல்கிறது. கென்னத் வைன்ஸ்டீன் முன்னாள் அரசு வழக்கறிஞர். பல்கலைக்கழகமே அமர்த்திய விசாரணை அது. ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க-அமெரிக்க ஆய்வுத் துறையில் 1993 முதல் 2011 வரை, விரிவுரை வகுப்பு என்று பட்டியலில் இருக்கும், ஆனால் வகுப்பு நடக்காது. ஆசிரியர் வரமாட்டார். வருகைப் பதிவு கிடையாது. செமஸ்டர் முடிவில் ஒரு கட்டுரை கொடுத்தால் போதும். அந்தக் கட்டுரையைத் திருத்தி மதிப்பெண் போட்டவர் பேராசிரியர் அல்லர், துறை அலுவலகத்தை நிர்வகித்த டெபோரா குரவுடர். துறைத் தலைவராக இருந்த ஜூலியஸ் நியாங்கோரோவுக்கு இது தெரியும். குரவுடர் 2009இல் ஓய்வுபெற்ற பிறகு அவரே கொஞ்ச காலம் தொடர்ந்து நடத்தினார். மொத்தம் 3,100க்கும் மேற்பட்ட மாணவர்கள் இந்த வழியில் கிரெடிட், அதாவது பட்டத்துக்குச் சேரும் பாட அலகு, வாங்கினார்கள். பல்கலைக்கழக மாணவர்களில் விளையாட்டு வீரர்கள் நூற்றுக்கு 4 பேர் அளவுதான். கட்டுரை மட்டும் கேட்டதால் பேப்பர் கிளாஸ் என்று பெயர் வாங்கிய இந்த வகுப்புகளில் பதிவானவர்களிலோ 47 சதவீதத்துக்கும் மேல்.

குரவுடரைப் பற்றி அறிக்கை சொல்லும் ஒன்றை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவர் பணத்துக்காக இதைச் செய்யவில்லை. படிப்பில் திணறும் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் கைவிடுகிறது, அவர்களுக்கு யாராவது உதவ வேண்டும் என்பது அவருடைய எண்ணம். தானும் அதே கல்லூரியில் படித்தவர். இரக்கத்தில் தொடங்கியதுதான். ஆனால் அந்த இரக்கத்தை விளையாட்டுத் துறையின் படிப்பு ஆலோசகர்கள் ஒரு வசதியாக மாற்றிக்கொண்டார்கள். அவர் ஓய்வுபெற்றதும் அவர்களுக்குப் பதற்றம். 2009 நவம்பரில் ஃபுட்பால் பயிற்சியாளர்களுக்கு அவர்கள் காட்டிய ஒரு ஸ்லைடு அறிக்கையில் இருக்கிறது. முன்பெல்லாம் இந்தப் பையன்களை எந்த வகுப்புகளில் போட்டோம் தெரியுமா, வகுப்புக்குப் போக வேண்டாம், குறிப்பெடுக்க வேண்டாம், விழித்திருக்கக்கூட வேண்டாம், பேராசிரியரைப் பார்க்க வேண்டாம், இப்போது அவை இல்லை என்கிற பொருளில் அதில் எழுதியிருந்தது. அந்த அறையில் உட்கார்ந்திருந்த யாரும் எழுந்து, இத்தனை வருஷமாக நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

இது வெளியே வந்த கதையும் சாதாரணமானதல்ல. ராலேயின் நியூஸ் அண்ட் அப்சர்வர் நாளிதழில் டான் கேன் என்ற நிருபர் ஆண்டுக்கணக்கில் விடாமல் தோண்டினார். ஒரு ஃபுட்பால் வீரர், கல்லூரியின் முதல் இலையுதிர்காலப் பருவம் தொடங்குவதற்கு முன்பே, கோடை விடுமுறையில், மேல்வகுப்புப் பாடம் ஒன்றில் பி பிளஸ் வாங்கியிருந்தார் என்பது அவர் கண்டுபிடித்தவற்றில் ஒன்று. இன்னொரு வீரரின் கட்டுரையில் வரிக்கு வரி காப்பி அடித்திருப்பதை 2011இல் கண்டுபிடித்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர், பக்கத்து ஊர் என்.சி. ஸ்டேட் ரசிகர்கள்! உள்ளேயிருந்து பேசியவர் மேரி வில்லிங்ஹாம், விளையாட்டு மாணவர்களுக்குப் படிக்க உதவும் பணியில் இருந்தவர். அவர் பட்ட பாடு தனிக் கதை. அவருடைய புள்ளிவிவரங்களைப் பல்கலைக்கழகம் பொதுவெளியில் மறுத்தது. கடைசியில் அவர் வேலையை விட்டார், வழக்குப் போட்டார், 2015இல் 3,35,000 டாலருக்குச் சமரசம் ஆனது.

2017 அக்டோபர் 13

சரி, தண்டனைக்கு வருவோம். 2012இல் ஃபுட்பால் அணி ஏற்கெனவே ஒரு தண்டனை வாங்கியிருந்தது: ஓராண்டு பவுல் ஆட்டத் தடை (பவுல் என்பது சீசன் முடிவில் தகுதிபெற்ற அணிகளுக்கு மட்டும் கிடைக்கும் ஆட்டம்), 15 ஸ்காலர்ஷிப் குறைப்பு. அது ஏஜெண்டுகளிடம் பணம் வாங்கியது, ஒரு ட்யூட்டர் எல்லை மீறி உதவியது பற்றியது. பேப்பர் கிளாஸ் விவகாரம் அதில் இல்லை. வைன்ஸ்டீன் அறிக்கைக்குப் பிறகு மீண்டும் விசாரணை. குற்றச்சாட்டுப் பட்டியல் 2015இல் ஒன்று, 2016இல் திருத்தி ஒன்று, அதே ஆண்டு முடிவில் மறுபடி ஒன்று. இதற்கிடையில் 2017 ஏப்ரலில் வட கரோலினா கூடைப்பந்து அணி தேசிய சாம்பியன் ஆனது. அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை, தீர்ப்பு வந்தது. படிப்பு மோசடி விதி மீறப்பட்டதாக முடிவுக்கு வர முடியவில்லை என்றது என்சிஏஏவின் தீர்ப்புக் குழு. நியாங்கோரோ விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்பதற்காக கல்லூரி விளையாட்டு சார்ந்த வேலை பார்க்க அவருக்கு மட்டும் ஐந்தாண்டுக் கட்டுப்பாடு. அவரோ எப்போதோ பல்கலைக்கழகத்தை விட்டுப் போய்விட்டவர். பட்டங்கள், வெற்றிகள், கோப்பைகள் எதற்கும் பாதிப்பில்லை. 2005 கோப்பையும் அப்படியே இருந்தது. அந்த அணியில் ஆடிய ரஷாத் மெக்கான்ட்ஸ், தான் பேப்பர் கிளாஸ்கள் எடுத்ததாக 2014இலேயே தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார்.

காரணம் இரண்டு. முதலாவது, இந்த வகுப்புகளில் எல்லா மாணவர்களும் சேரலாம், சேர்ந்தும் இருந்தார்கள். பாதிக்கும் மேல் சாதாரண மாணவர்கள். அதனால் விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் தரப்பட்ட தனிச்சலுகை என்று சொல்ல முடியாது. இரண்டாவது, ஒரு பாடம் தரமானதா, மோசடியா என்று முடிவு செய்வது கல்லூரியின் உரிமை, என்சிஏஏவின் வேலை அல்ல. கல்லூரி மோசடி இல்லை என்று சொன்னால், குழு அதை மீறிப் போக முடியாது. இதில் என்ன கொடுமை என்றால், கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பிடம் 2015இல் இதே பல்கலைக்கழகம் இது நீண்டகால மோசடி என்கிற வகையில்தான் எழுதிக் கொடுத்திருந்தது. என்சிஏஏ முன்னால் நின்றபோது அதிலிருந்து விலகிக்கொண்டது.

இந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனமில்லை. பல்கலைக்கழகத்தில் எது பாடம், எப்படி மதிப்பெண் போட வேண்டும் என்பதை ஒரு விளையாட்டுச் சங்கம் தீர்மானிக்கக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. இன்று எளிதான பாடம் என்று ஒன்றில் கை வைப்பவர்கள், நாளைக்கு அரசியல் காரணத்துக்காக இன்னொன்றில் கை வைப்பார்கள். இந்த வழக்கிலேயே பாருங்கள், கறுப்பின மக்களின் வரலாற்றைக் கற்பிக்கும் ஒரு துறை முழுவதுமே கேலிக்கு ஆளானது. ஒழுங்காகப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் அங்கே எத்தனையோ பேர். அவர்கள் கட்டிய பெயர் இரண்டு பேரால் போனது. கல்விச் சுதந்திரம் என்பது நிஜமான ஒன்று, அதைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் கல்விச் சுதந்திரம் கற்பிக்கிறவர்களுக்கு உரியது. யாருமே கற்பிக்காத இடத்தில் அதைக் கேடயமாகப் பிடிப்பது, கற்பிக்கிற அத்தனை ஆசிரியர்களுக்கும் செய்த அவமரியாதை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்தத் தீர்ப்பு வந்த வாரம் நான் கோபப்பட்டேன், பிறகு ஆறிப்போனேன். விதி அப்படி இருக்கிறது, அந்த விதியை எழுதியதும் இந்தக் கல்லூரிகள்தான், குழுவால் வேறு என்ன செய்ய முடியும் என்று சமாதானம் ஆகிவிட்டது. மிசூரி விளக்கம் அந்தச் சமாதானத்தைக் கலைத்துப் போட்டது. அதுவரை வட கரோலினா ஒரு ஓட்டை வழியாகத் தப்பித்தது என்று மட்டும்தான் எண்ணியிருந்தேன். இந்த ஏற்பாட்டில் அது ஓட்டையே இல்லை, அதுதான் வாசல் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு கல்லூரி தன் பிள்ளைகளின் தவறைத் தானே விசாரித்து, ஆமாம் நடந்தது என்று சொன்னால் அந்த வாசல் மூடிக்கொள்ளும். கல்லூரியின் வாக்குமூலமே கல்லூரிக்கு எதிரான சாட்சி. இப்படி ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர் தன் கட்சிக்காரரை உண்மை பேசச் சொல்வார்?

மிசூரியில் அதன் விளைவு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று அணிகளுக்கும் ஓராண்டு சீசன் முடிவு ஆட்டங்களில் தடை, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 5 சதவீத ஸ்காலர்ஷிப் குறைப்பு, 5,000 டாலரோடு ஒவ்வொரு அணியின் பட்ஜெட்டிலும் 1 சதவீதம் அபராதம், தகுதியில்லாதவர்கள் ஆடிய ஆட்டங்களின் வெற்றிகள் ரத்து. மேல்முறையீடு 2019 நவம்பரில் தள்ளுபடியானது. அந்த சீசனில் ஃபுட்பால் அணி ஆறு வெற்றி, ஆறு தோல்வி. பவுல் ஆட்டத்துக்குப் போகும் தகுதி அதற்கு இருந்தது, அனுமதி இல்லை. அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் கெல்லி பிரையன்ட், தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்புதான் கிளெம்சன் பல்கலைக்கழகத்திலிருந்து மிசூரிக்கு வர முடிவு செய்தவர். கல்லூரியில் அவருக்கு அது கடைசி ஆண்டு. ட்யூட்டர் விவகாரம் நடந்தபோது அவர் வேறு மாநிலத்தில் இருந்தார். தடை வந்த பிறகும் வாக்கு மாறாமல் அங்கேயே இருந்து ஆடினார்.

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்துக்கும் இதே அனுபவம்தான். அங்கே ஃபுட்பால் அணிக்கு உதவியாளராக இருந்த ஒரு மாணவி சிலருக்குப் பாட வேலை செய்து கொடுத்தது தெரியவந்ததும், பல்கலைக்கழகமே விசாரித்து, பழைய மதிப்பெண்களைத் திருத்திப் போட்டது. மதிப்பெண் குறைந்ததால் அந்த வீரர்கள் அந்தச் சமயத்தில் ஆடத் தகுதியற்றவர்கள் ஆனார்கள். 2012, 2013 சீசன்களின் 21 வெற்றிகளும் ரத்து. 2018 பிப்ரவரியில் மேல்முறையீடு தோற்றபோது அதன் தலைவர் பாதிரியார் ஜான் ஜென்கின்ஸ் முன்னாள் மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். மதிப்பெண்ணைத் திருத்தாமல் வேறு ஏதாவது தண்டனை கொடுத்திருந்தால் இந்த வெற்றிகள் போயிருக்காது என்பதையும், வட கரோலினாவுக்கு என்ன நடந்தது என்பதையும் அதில் நேராகவே எடுத்துக்காட்டினார். அணிப் பாசத்தில் எழுதியது என்று சிலர் ஒதுக்கினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் சொன்னது கணக்கு.

சாதாரணப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது

என் அக்கா மகள் இந்த நாட்டில் வேறொரு மாநிலத்தில் கணினி அறிவியல் முதுகலை படித்தாள். ஒரு நாள் ராத்திரி போன். அறைத்தோழி, சும்மா பார்க்கிறேன் என்று அசைன்மென்ட் கோடைக் கேட்டிருக்கிறாள், இவளும் அனுப்பியிருக்கிறாள், அவள் பெயர்களை மட்டும் மாற்றிச் சமர்ப்பித்துவிட்டாள். ஒற்றுமை பார்க்கும் மென்பொருள் பிடித்துவிட்டது. "மாமா, நான் காப்பியே அடிக்கல மாமா. கேட்டா, கொடுத்ததும் தப்புதான்னு சொல்றாங்க. விசா போயிடுமா மாமா?" என்று அழுதாள். மறைக்காதே, நடந்ததை அப்படியே எழுதிக் கொடு என்று சொன்னேன். எழுதிக் கொடுத்தாள். விசாரணைக் குழு முன்னால் தனியாக உட்கார்ந்தாள். அந்த அசைன்மென்ட்டுக்குப் பூஜ்யம், பாட மதிப்பெண்ணில் ஒரு படி குறைப்பு, ஓர் எச்சரிக்கைக் கடிதம். உடனே ஒப்புக்கொண்டதால் இதோடு விட்டார்கள் என்று குழுவில் ஒருவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கல்லூரி செய்தது முழுக்கச் சரி என்பதே என் எண்ணம்.

ஆனால் அதன் பிறகு மிசூரி விளக்கத்தைத் திரும்பப் படித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாணவி ஒப்புக்கொண்டால் தண்டனை குறைகிறது. ஒரு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டால் தண்டனை பிறக்கிறது. இருபது வயதுப் பிள்ளையிடம் கேட்கிற நேர்மையை, அவளுக்கு நேர்மை கற்றுத்தர வேண்டிய நிறுவனத்திடம் யாரும் கேட்பதில்லை. வட கரோலினா இந்த விவகாரத்தில் வழக்கறிஞர்களுக்கும் பெயரைக் காப்பாற்றும் ஆலோசகர்களுக்கும் சுமார் 1.8 கோடி டாலர் செலவழித்தது. என் அக்கா மகளுக்குத் துணையாக இருந்தது நான்கு பத்திக் கடிதம்.

யாருக்கு நடந்த அநியாயம்

தண்டனை நியாயமா என்று பேசும்போது எல்லோரும் தண்டனையின் அளவைப் பற்றியே பேசுகிறோம். எத்தனை வெற்றி ரத்து, எத்தனை ஸ்காலர்ஷிப் வெட்டு. யாருக்கு அநியாயம் நடந்தது என்ற கேள்விக்கு என்சிஏஏ வைத்திருக்கும் விடை, எதிரணிக்கு. தகுதியில்லாத ஆளை வைத்து ஆடி ஜெயித்தார்கள், அதனால் வெற்றியைப் பிடுங்கு. 1999இல் மின்னசோட்டாவிலும் இதுவே நடந்தது. அலுவலக ஊழியர் ஒருவர் ஐந்தாண்டுகளில் சுமார் 20 கூடைப்பந்து வீரர்களுக்கு 400 பாட வேலைகள் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். செயின்ட் பால் பயனியர் பிரஸ் அதை வெளியிட்டுப் புலிட்சர் விருதும் வாங்கியது. பயிற்சியாளர் கிளெம் ஹாஸ்கின்ஸ் வெளியேறினார், 1997 அரையிறுதிச் சாதனை ஏட்டிலிருந்து போனது. அந்த 20 பேர் எழுதக் கற்றுக்கொண்டார்களா என்று தீர்ப்பில் யாரும் கேட்கவில்லை.

கெவின் ராஸ் என்ற பெயரை இங்கே சொல்ல வேண்டும். 1978இல் கன்சாஸ் சிட்டியிலிருந்து நெப்ராஸ்காவின் கிரைட்டன் பல்கலைக்கழகத்துக்குக் கூடைப்பந்து ஸ்காலர்ஷிப்பில் வந்தவர். நான்கு ஆண்டுகள் ஆடினார். துப்பாக்கி சுடுதல், கூடைப்பந்துக் கோட்பாடு என்றெல்லாம் பாடங்கள் எடுக்க வைத்தார்கள். 1982இல் வெளியேறும்போது பட்டத்துக்கு வேண்டிய 128 கிரெடிட்டில் 96 இருந்தது. மொழித்திறன் நான்காம் வகுப்பு அளவு, வாசிப்பு ஏழாம் வகுப்பு அளவு என்று நீதிமன்ற ஆவணம் சொல்கிறது. அதன் பிறகு சிகாகோவில் மார்வா காலின்ஸ் நடத்திய வெஸ்ட்சைட் பிரெப் பள்ளியில் சேர்ந்து, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில், அந்த உயரத்தோடு. அந்தத் துணிச்சலை நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவர் கிரைட்டன் மீது வழக்குப் போட்டார். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மோசமாகக் கற்பித்தார்கள் என்று ஒரு கல்லூரி மீது வழக்குத் தொடுக்க முடியாது என்றது. படிக்க உதவுவோம் என்று கொடுத்த குறிப்பிட்ட வாக்குறுதியை மீறினார்கள் என்ற சின்ன வழியை மட்டும் திறந்து வைத்தது.

இருபத்து மூன்று வருஷம் கழித்து வட கரோலினாவின் முன்னாள் வீரர்கள் இருவர் பல்கலைக்கழகத்தின் மீதும் என்சிஏஏ மீதும் 2015இல் வழக்குத் தொடுத்தபோது, என்சிஏஏ நீதிமன்றத்தில் சொன்ன பதில்: உறுப்பினர் கல்லூரிகளில் விளையாட்டு மாணவர்களுக்குக் கிடைக்கும் கல்வியின் தரத்தை உறுதிசெய்யும் கடமை எதையும் நாங்கள் ஏற்கவில்லை. ஆட்டத்தை ஒளிபரப்பும்போதெல்லாம் இவர்கள் முதலில் மாணவர்கள் என்று விளம்பரம் செய்த அமைப்பு அது. இந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளம் தராமல் இருந்ததற்கு அத்தனை ஆண்டும் சொன்ன முக்கியமான ஒரு காரணம், படிப்பைத் தருகிறோமே என்பதுதான். ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியின் ஒளிபரப்பு உரிமையை எட்டு ஆண்டுகளுக்கு 880 கோடி டாலருக்கு 2016இல் நீட்டித்தார்கள். அந்த ஆட்டங்களை ஆடுகிறவர்களுக்கான கூலி, நடக்காத வகுப்பில் வாங்கிய ஒரு பி பிளஸ். அந்தக் கூலி கள்ளப்பணம் என்று தெரிந்த பிறகும், அது யார் பொறுப்பு என்று கேட்டால் கல்லூரி என்சிஏஏவைக் காட்டுகிறது, என்சிஏஏ கல்லூரியைக் காட்டுகிறது, நீதிமன்றம் இரண்டையும் விட்டுவிடுகிறது.

வைன்ஸ்டீன் அறிக்கையில், பேப்பர் கிளாஸ் மதிப்பெண்ணால் மட்டும், ஒரு செமஸ்டராவது, நான்குக்கு 2.0 என்ற சராசரிக்கு மேல் நின்ற மாணவர்கள் 329 பேர் என்று கணக்கு இருக்கிறது. அதில் 169 பேர் விளையாட்டு வீரர்கள். இவர்களை ஏமாற்றிய கூட்டத்தின் பங்காளிகள் என்று பார்ப்பவர்கள் உண்டு. தெரிந்துதானே எடுத்தார்கள் என்பார்கள். பதினெட்டு வயதுப் பையன். வாரத்தில் பாதி நேரம் மைதானத்திலும் பயணத்திலும் போகிறது. உன் ஆலோசகர் இந்த வகுப்பை எடு என்கிறார், பட்டியலில் அது ஒழுங்கான பாடமாகவே இருக்கிறது, பல்கலைக்கழகமே கிரெடிட் கொடுக்கிறது. அவன் எந்த இடத்தில் நின்று மறுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு, வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நம் ஊரிலிருந்து அப்படிப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

என்ன செய்திருக்கலாம்

அங்கீகாரம் வழங்கும் அமைப்பு 2015இல் வட கரோலினாவை ஓராண்டு கண்காணிப்பில் வைத்தது. அதற்கு மேல் அதன் கையில் இருப்பது அங்கீகாரத்தைப் பறிப்பதுதான். பறித்தால் ஒட்டுமொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் மத்திய அரசின் கல்வி உதவி நின்றுபோகும், தவறே செய்யாத ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவுக்கு வருவார்கள். அதனால் அதை யாரும் செய்ய மாட்டார்கள், செய்யவும் கூடாது. பாடம் போலியா என்று சொல்லும் உரிமை குற்றம் சாட்டப்பட்ட கல்லூரியிடமும் இருக்கக் கூடாது, விளையாட்டுச் சங்கத்திடமும் இருக்கக் கூடாது. வேறு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் உட்கார்ந்து பார்த்து, வகுப்பு நடந்ததா, யார் திருத்தியது என்ற இரண்டு கேள்விக்கு விடை சொன்னால் போதும். வட கரோலினா விவகாரத்தில் இந்த இரண்டுக்கும் விடை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2018இல் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ் தலைமையில் கல்லூரிக் கூடைப்பந்தை ஆராய்ந்த ஆணையமும் படிப்பு மோசடியை விசாரிக்கும் அதிகாரம் தெளிவாக இருக்க வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது.

அப்புறம், கெல்லி பிரையன்ட்களைத் தண்டிப்பதை நிறுத்த வேண்டும். 2022இல் வந்த என்சிஏஏவின் புதிய அமைப்புவிதி, குற்றத்தில் பங்கில்லாத வீரர்களை இயன்றவரை தண்டிக்காமல் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. நல்லது. ஆனால் அந்த இடத்தில் வேறு தண்டனை வைக்காவிட்டால், யாருக்குமே தண்டனை இல்லை என்றாகிவிடும். பணம் இருக்கும் இடத்தில் கை வைக்க வேண்டும்: பயிற்சியாளரின் போனஸ், விளையாட்டு இயக்குநரின் ஒப்பந்தம், போட்டி வருமானத்தில் கல்லூரியின் பங்கு. தானாக முன்வந்து உண்மையைச் சொன்ன கல்லூரிக்கு இதில் பெரிய தள்ளுபடி கொடுக்கலாம். மறைத்த கல்லூரிக்கு இரட்டிப்பு.

அந்தப் பணம் போக வேண்டிய இடம் என்சிஏஏவின் கஜானா அல்ல. சாப்பல் ஹில்லில் 2014 முதல், பாதியில் போன ஸ்காலர்ஷிப் வீரர்கள் திரும்பி வந்து பட்டம் முடிக்க உதவும் திட்டம் ஒன்று இருக்கிறது. அது கல்லூரி தன் விருப்பத்தில் செய்வது. நான் கேட்பது, தீர்ப்பில் எழுதப்பட்ட கட்டாயம். அதுவும் விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் இல்லாமல், அந்த 3,100 பேருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும்: நீங்கள் பணம் கட்டியோ வியர்வை சிந்தியோ வாங்கிய ஒரு பாடத்தை நாங்கள் நடத்தவே இல்லை, எப்போது வேண்டுமானாலும் வந்து எங்கள் செலவில் படியுங்கள் என்று. வழக்கறிஞர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் போன 1.8 கோடி டாலரை 3,100ஆல் வகுத்தால் ஆளுக்கு 5,800 டாலர் வருகிறது. தீர்ப்பு வந்த ஆண்டில் இந்த மாநிலத்து மாணவருக்கு அங்கே ஒரு வருஷம் முழுவதற்குமான கட்டணமே 9,000 டாலர் அளவில்தான் இருந்தது.